லினக்ஸ் – ஊர் கூடி இழுத்த தேர்

கம்ப்யூட்டர் என்றாலே பெரிய கம்பெனிகளின் சொத்து என்றிருந்த காலம் ஒன்று உண்டு. மெஷினும் அவர்களுடையது, புரோகிராமும் அவர்களுடையது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், 'அது உங்களுக்கு எதுக்கு?' என்பதுதான் பதில். அந்தப் பூட்டை உடைத்தவர்கள், நண்பர்களே, ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்த புரோகிராமர்கள்!

கதை 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ஆரம்பிக்கிறது. அங்கிருந்த ஜெராக்ஸ் லேசர் பிரின்டரில் அடிக்கடி பேப்பர் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி புரோகிராமைத் திருத்திவிடலாம் என்று நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். ஆனால் அதன் மூல நிரல் கிடைக்கவில்லை. வைத்திருந்தவர், யாருக்கும் தருவதில்லை என்று கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஸ்டால்மன் சும்மா இருக்கவில்லை. 1983-இல் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். 1984 ஜனவரியில் வேலையையே விட்டார். 1989-இல் வந்தது ஜி.பி.எல். உரிமம். 'எடுத்துக்கொள், படி, திருத்து, விற்கவும் செய். ஆனால் அடுத்தவருக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் இதே உரிமையையும் சேர்த்துக் கொடு' என்பதுதான் அதன் சாரம். பதிப்புரிமைச் சட்டத்தை வைத்தே பகிர்வுக்கு வேலி போட்டுவிட்டார்!

1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, பொழுதுபோக்காக எழுதிய லினக்ஸை இன்டர்நெட்டில் போட்டார். மறு ஆண்டே அது ஜி.பி.எல்.லின் கீழ் வந்தது. முகம் தெரியாத பலர் பல நாடுகளிலிருந்து திருத்தங்கள் அனுப்பினார்கள். எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று லினஸ் முடிவு செய்வார். ஆபீஸ் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. 'என்ன டிகிரி?' என்று கேட்பாரில்லை. எழுதியது சரியா என்பது மட்டும்தான் கேள்வி. வேலை என்பதன் இலக்கணமே அங்கே மாறிப்போச்சு.

தமிழுக்கும் இதில் லாபம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் தன்னார்வலர்கள் லினக்ஸின் கே.டி.இ. திரையைத் தமிழாக்கினார்கள். எந்தக் கம்பெனியிடமும் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை.

2001-இல் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்றார். அதே மைக்ரோசாஃப்ட் 2018-இல், திறந்த நிரல்கள் குவிந்து கிடக்கும் கிட்ஹப்பை 750 கோடி டாலர் கொடுத்து வாங்கியது! 2019-இல் ஐ.பி.எம்., லினக்ஸை நம்பி வளர்ந்த ரெட் ஹேட்டை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது.

அப்போ ஜெயித்தது யார்? இங்கேதான் யோசிக்கணும். 2014-இல் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டது. இணையதளங்கள் பாஸ்வேர்டையும் பணப் பரிமாற்றத்தையும் காக்க நம்பியிருந்த 'ஓபன் எஸ்.எஸ்.எல்.' நிரலில் ஓட்டை! விசாரித்தால், அதற்கு முழுநேரம் உழைத்தவர் ஒரே ஒருவர். வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். அதை இலவசமாக எடுத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகள் அதற்குப் பிறகுதான் பர்ஸைத் திறந்தன.

தொழில்நுட்பம் பூட்டைத் திறக்கும். திறந்த கதவு மறுபடி மூடாமலிருக்க ஜி.பி.எல். மாதிரி ஒரு விதி வேண்டும். வடம் பிடிப்பவர் வயிறு வாட்டமில்லாமலிருக்க ஓர் ஏற்பாடும் வேண்டும். முதல் பாடத்தை 1989-லேயே கற்றுக்கொண்டோம். இரண்டாவதில் இன்னும் அரியர்ஸ்தான்!

மாணவத் தம்பி தங்கைகளே, படிக்கும்போதே ஒரு சின்னத் திருத்தமாவது எழுதி அனுப்பிப் பாருங்கள். கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கும் பழைய மாணவர்களே, உங்கள் ஆபீஸ் இலவசமாக எடுத்து ஓட்டும் நிரல்கள் எவை, அவற்றை எழுதியவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்று அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.