கல்வராயன்மலையின் முதல் முதலீட்டாளர்

ஓர் ஊரை வெளியாருக்கு அறிமுகம் செய்யும் எழுத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. அமைவிடம், பரப்பு, மழை, விளைபொருள், சாலை வசதி, காணத்தக்க இடங்கள், தொழில் வாய்ப்பு என்று வரிசையாக எழுதி, இறுதியில் வருக, பயன்பெறுக என்று முடிப்பர். கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன்மலையைப் பற்றியும் இத்தகைய குறிப்புகள் பல உள்ளன. 2019 நவம்பரில் விழுப்புரத்தினின்று பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின்னர் அவை இன்னும் பெருகின. மேகம் அருவியும் பெரியார் அருவியும் கரியாலூர்ப் படகுத்துறையும் வெள்ளிமலையின் குளிர்காற்றும் சுற்றுலாப் பயணியரை அழைக்கின்றன. மலைமண்ணின் வளமும் கிழங்குச் சாகுபடியும் பணம் போட்டுப் பயன் காண விழைவோரை அழைக்கின்றன.

அழைப்பதில் தவறில்லை. ஆயினும் அக்குறிப்புகளில் நாம் காணாத ஒரு கேள்வி உண்டு. இம்மலையில் இதுவரை முதலிட்டவர் யார்? காட்டுச் சரிவைக் கொத்தி, கல் பொறுக்கி, வரப்பு அணைத்து, விளைநிலமாக்கியவரின் உழைப்பு எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? இக்கேள்வியைக் கையில் கொண்டு மலையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

மலையும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி கல்வராயன்மலை. சேர்வராயனும் பச்சைமலையும் சவ்வாதுமலையும் இதன் அண்டை மலைகள். சேலம் மாவட்டப் பக்கத்தில் பெரிய கல்வராயன், சின்னக் கல்வராயன் என்னும் பகுதிகள் உள்ளன. கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு ஒன்றியத் தலைமையிடமாக விளங்குவது வெள்ளிமலை.

கோமுகி ஆறும் மணிமுத்தாறும் இம்மலையில் பிறக்கின்றன. வெள்ளாற்றோடு கலந்து பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகின்றன. மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தை அடுத்து, 1960-களில் கட்டப்பட்ட கோமுகி அணை 46 அடி நீரைத் தேக்க வல்லது. அதை நம்பிச் சமவெளியில் 10,000 ஏக்கருக்கு மேல் பயிராகிறது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் நெல்லுக்கும் கரும்புக்கும் பின்னே மலைமேல் பெய்த மழையும் அதைத் தாங்கிய காடும் நிற்கின்றன. கீழ்நாடு மலைக்கு ஏதேனும் கொடுக்கத் தொடங்கும் முன்பே, மலை கீழ்நாட்டுக்குக் கொடுத்து வந்திருக்கிறது.

இங்கு வாழும் பழங்குடியினருக்கு மலையாளி என்று பெயர். கேரள மக்களோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இதன் பொருள். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து தெய்வத்தைச் சுமந்துகொண்டு புறப்பட்ட உடன்பிறந்தார் மூவரின் வழித்தோன்றல்கள் தாம் என்று இவர்கள் மரபுவழியாகச் சொல்லி வருகின்றனர். அத்தெய்வத்தைக் கரிராமன் என்று வழிபடுகின்றனர்.

ஏர் பூட்டி உழத்தக்க நிலத்தை உழவுக்காடு என்றும், ஏர் செல்லாத சரிவில் கொத்தி விதைக்கும் நிலத்தைக் கொத்துக்காடு என்றும் மலையாளி மக்கள் பிரித்துச் சொல்வர். சாமையும் தினையும் கேழ்வரகும் அந்நிலங்களின் பழைய விளைச்சல். புளியும் கடுக்காயும் தேனும் காடு தந்த துணைவருவாய்.

இதே மாவட்டத்தின் திருக்கோவலூரில், தென்பெண்ணை ஆற்றினுள், கபிலர் வடக்கிருந்து உயிர்நீத்ததாகக் கருதப்படும் குன்று உள்ளது. பாரியின் பறம்புமலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது, உழவர் உழாமலே அம்மலை நால்வகை உணவு தரும், ஆதலின் அதைப் பட்டினியிட்டு வெல்ல இயலாது என்று பாடியவர் அவர். மலைவாணரின் வலிமை எங்கே இருக்கிறது என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். தன் உணவைத் தானே வைத்திருப்பவன் பிறன் சொல்லும் விலைக்குப் பணிய வேண்டியதில்லை. இக்கருத்தை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

ஜாகீர்களின் காலம்

இன்றைய கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்களாக விளங்கியது. சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்னும் பட்டப்பெயர்களைத் தாங்கிய தலைவர்கள் அவற்றை ஆண்டனர். கிருஷ்ணதேவராயர் காலத்தில் இவ்வுரிமை வழங்கப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. ஆங்கிலேயர் ஆட்சி வந்தபோது தென்னார்க்காட்டுச் சமவெளியில் நிலம் அளக்கப்பட்டு, உழவர் ஒவ்வொருவர் பெயரிலும் பட்டா எழுதப்பட்டது. ரயத்துவாரி என்று அதனைச் சொல்வர். மலையில் அது நடைபெறவில்லை. ஜாகீர்தாரை இடையில் வைத்துக்கொள்வதே ஆட்சியாளருக்கு எளிதாக இருந்தது.

இதன் விளைவை நாம் ஊன்றி நோக்க வேண்டும். சமவெளி உழவர் வரிச்சுமையால் நலிந்தாலும், தம் பெயர் எழுதிய ஒரு தாளையாவது பெற்றார். மலை உழவருக்கு அத்தாளும் இல்லை. ஏர் இத்தனை, கொத்து இத்தனை என்று எண்ணி வரி வாங்கும் பழைய முறையில் கருவிக்குக் கணக்கு இருந்தது. அக்கருவியைப் பிடித்தவரின் நில உரிமைக்குக் கணக்கு இல்லை. வரியோடு, ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைக்கும் கடமையும் குடிகளின்மேல் இருந்தது.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. 1950-இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜமீன்களும் இனாம்களும் ஒவ்வொன்றாக ஒழிக்கப்பட்டன. கல்வராயன்மலையிலோ ஜாகீர் முறை மேலும் கால் நூற்றாண்டு நீடித்தது. 1976 ஜனவரி இறுதியில் தமிழகம் குடியரசுத் தலைவர் ஆட்சியின்கீழ் வந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே ஆண்டுத் தொடக்கத்தில்தான். அவ்வாண்டு ஜூன் 25 அன்று அரசு இம்மலையை நேரடியாகத் தன் ஆளுகையில் எடுத்துக்கொண்டது. நெருக்கடிநிலை நாட்டின் பிற பகுதிகளில் உரிமைகளைப் பறித்த காலத்தில், இம்மலை மக்கள் ஜாகீர்தாரின் பிடியினின்று விடுபட்டனர். வரலாற்றில் இத்தகைய முரண்களும் உண்டு.

பட்டாவைத் தேடி

ஜாகீர் ஒழிந்தவுடன் நிலம் உழுதவருக்கு ஆயிற்றா? தலைமுறைகளாக உழுத காணியை, நிலமும் காடும் பற்றிய அரசுப் பதிவேடுகளின்முன் மெய்ப்பிக்க வேண்டிய நிலை வந்தது. பாட்டன் வைத்த பலாமரத்தைக் காட்டலாம். பாட்டன் பெயரில் எழுதிய பத்திரத்தைக் காட்ட முடியாது.

இத்தகைய மக்களை எண்ணியே 2006-இல் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வனநிலத்தைப் பயிரிட்டு வரும் பழங்குடியினர், தம் அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு 4 எக்டேர் வரை உரிமை பெறலாம். உரிமை கோரும் மனுவை முதலில் ஆராய்வது ஊரின் கிராமசபை. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உரிமைச்சான்று எழுதப்பட வேண்டும். அந்நிலம் மக்களுக்கும் பேரர்க்கும் செல்லும். ஆனால் விற்கவோ பிறர்க்கு மாற்றித் தரவோ இயலாது. வழிவழி வந்த காணியை விலைக்கும் மாற்றுக்கும் தர மறுத்து உயிரிழந்த நாபோத்தின் வரலாற்றை நம் வாசகர்கள் அறிவர். அவன் மனத்தில் நின்ற நெறியையே இச்சட்டம் வேறு சொற்களில் சொல்கிறது.

சட்டம் வந்தும் பயன் உடனே வரவில்லை. தமிழ்நாட்டில் உரிமைச்சான்று வழங்குவதற்குச் சென்னை உயர்நீதிமன்றத்தின் 2008-ஆம் ஆண்டு இடைக்கால ஆணை தடையாக நின்றது. உச்சநீதிமன்றம் 2016-இல் அதனை விலக்கியது. எட்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. மேலும் ஒரு குறையும் உண்டு. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட நிலம் தமிழ்நாட்டில் எங்கும் இல்லை. ஆகவே அத்தகைய பகுதிகளின் கிராமசபைகளுக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய சிறப்பதிகாரம் இம்மலைக்கு எட்டவில்லை. இங்குள்ள பழங்குடி உழவருக்கு வன உரிமைச் சட்டமே பெருந்துணை.

கிழங்கும் அளவுகோலும்

இனி, இம்மலையின் இன்றைய வேளாண்மைக்கு வருவோம். சாமையும் தினையும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இன்று மரவள்ளிக்கிழங்கு நிற்கிறது. இம்மாற்றத்தின் வேர் இரண்டாம் உலகப் போரில் உள்ளது. போரினால் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது. 1943-இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த பொப்பட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். சேலம், ஆத்தூர் வட்டாரங்களில் ஆலைகள் பெருகின. ஜவ்வரிசியையும் மாவையும் விற்கும் ஆலையாளர்கள் 1981-இல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டனர். ஆலைகளின் தேவை மலையேறி வந்தது.

மரவள்ளி மழை குறைந்தாலும் தாங்கும்; கைக்குப் பணம் தரும். பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் சாமை விற்ற காசு போதாது என்னும் உழவரை நாம் குறைகூற இயலாது. ஆனால் சாமைக்கும் கிழங்குக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாமையைப் பானையில் கட்டிவைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. விலை வரும்வரை காத்திருக்கலாம்; விலை வராவிட்டால் உண்ணலாம். மரவள்ளியைத் தோண்டிய இரண்டு மூன்று நாளில் விற்றாக வேண்டும். இல்லையேல் கிழங்கு கறுத்துப் பயனற்றுப் போகும். அதன் விலையோ மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து ஆலைவாயிலில் நிறுவப்படுகிறது. லாரி வாடகை கொடுத்து மலையிறங்கிய உழவர், அளவு குறைவாகச் சொல்லப்பட்டாலும் கிழங்கைத் திருப்பி ஏற்றிச்செல்ல முடியாது. கபிலர் போற்றிய வலிமை இவ்வாறு கைமாறிவிட்டது.

2020 முதல் மாவுப்பூச்சி வேறு வந்து மரவள்ளியைத் தாக்கியது. ஆப்பிரிக்காவில் முன்பே பேரழிவு செய்த பூச்சி அது. அங்கு அதை அடக்கிய ஒட்டுண்ணிக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022-இல் தமிழகத்தில் விடத் தொடங்கினர் அறிஞர்கள். ஒரே பயிரை நம்பிய மலைக்கு அது ஓர் எச்சரிக்கை. ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும், நகரத்தார் சாமையை நலவுணவாகத் தேடத் தொடங்கியதும் மலைக்கு ஒரு நல்வாய்ப்பு. அந்த வாய்ப்பின் பயன் மலையிலேயே தங்க வேண்டுமாயின், உமி நீக்கும் இயந்திரமும் விற்பனைச் சங்கமும் மலைமேல் இருத்தல் வேண்டும்.

துயரமும் கவனமும்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மெத்தனால் தொழிற்சாலைகளில் பயன்படும் நஞ்சு. ஆயினும் சாராயம் என்றவுடன் அனைவர் விரலும் கல்வராயன்மலையை நோக்கியே நீண்டன. இத்துயரத்துக்குப் பின் சென்னை உயர்நீதிமன்றம் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. சாலை, பேருந்து, மருத்துவம், பள்ளி, வேலைவாய்ப்பு ஆகியவை பற்றி அரசிடம் வினவியது. ஜாகீர் ஒழிந்து 48 ஆண்டுகள் கடந்தபின் இவ்வினாக்கள் எழுந்தன என்பது நம் அனைவரையும் சிந்திக்கத் தூண்ட வேண்டும். வேலை தேடிக் கேரளத்துக்கும் கருநாடகத்துக்கும் தோட்டக்கூலியாகச் செல்வோரும், செம்மரம் வெட்டும் தரகரின் சொல்லை நம்பி ஆந்திரக் காடுகளில் சிக்குவோரும் வேறு வழியிருந்தால் வீடு துறந்து போகமாட்டார்கள்.

இருவகை முதலீடு

இதே மாவட்டத்து உளுந்தூர்பேட்டையில் காலணி ஆலை அமைக்கத் தைவான் நாட்டுப் பௌ சென் நிறுவனத்தோடு 2023 ஏப்ரலில் தமிழக அரசு ஒப்பந்தம் செய்தது. முதலீடு ரூ.2,302 கோடி, வேலைவாய்ப்பு 20,000 பேருக்கு. இது வரவேற்கத்தக்கதே. முதலிட வருவோர்க்கு முன்னதாகவே நிலத்தின் உரிமை தெளிவாக்கப்படுகிறது. சாலையும் நீரும் மின்சாரமும் உறுதி செய்யப்படுகின்றன. சொன்ன சொல் எழுத்தில் வருகிறது. முதல் போடுபவருக்கு இவை இன்றியமையாதவை என்று அரசும் சமூகமும் ஏற்றுக்கொண்டுள்ளன.

அவ்வாறாயின், பல தலைமுறை உழைப்பை மண்ணில் போட்ட மலையாளி உழவர் கேட்பதும் இவற்றைத்தானே? தெளிவான நில உரிமை, மழைக்காலத்திலும் செல்லத்தக்க சாலை, விளைபொருளுக்கு நேர்மையான அளவு, எழுத்தில் ஓர் உறுதி. இவற்றைச் சலுகை என்றும் நலத்திட்டம் என்றும் அழைத்துப் பழகிவிட்டோம். முதலிட்டவர்க்குச் சேர வேண்டிய உரிமை என்று அழைப்பதே முறை.

ஆகவே கல்வராயன்மலைக்குச் செல்லும் அன்பர்களுக்குச் சில சொல்வோம். அருவியைக் காணச் செல்வோர் ஊரையும் காண்க. உழவரிடம் நேரே சாமையும் தேனும் புளியும் விலைகொடுத்து வாங்குக. நிலம் வாங்க எண்ணுவோர், அது வன உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த நிலமா என்று முதலில் ஆராய்க. அது விற்பனைக்கு உரியதன்று. தொழில் தொடங்க எண்ணுவோர் கிராமசபையின் முன் அமர்ந்து பேசுக. மலைமேல் உமி நீக்கும் ஆலையோ கிழங்கை உலர்த்தும் களமோ அமைத்து, அதில் உழவரையும் பங்குதாரராகச் சேர்ப்பவரே அம்மலைக்கு வேண்டிய முதலீட்டாளர். அங்கே ஏற்கெனவே முதலிட்டவர்கள் ஏரோடும் கொத்தோடும் காத்திருக்கிறார்கள். பின்னே வருவோர் அவர்களிடம் கேட்டு, அவர்களோடு கணக்குப் பேசித் தொடங்குவதே அறம்.