மீயகலப்பட்டைத் தொடர்பில் ஒத்தியக்கத்தின் வரலாறு

மீயகலப்பட்டைத் துடிப்பு வானொலி என்பது ஏறத்தாழ ஒரு நானோ நொடியே நீளும் துடிப்புகளால் தகவல் அனுப்பும் கம்பியில்லாத் தொடர்பு முறை ஆகும். துடிப்பு வந்து சேரும் கணத்தை வாங்கி கண்டறிந்து, தன் கடிகாரத்தை அதனுடன் பொருத்துவது ஒத்தியக்கம் எனப்படும். இத்தொழில்நுட்பத்தின் மிகக் கடினமான பகுதியாக இருந்த இதுவே பின்னர் அதன் முதன்மைப் பயனாக மாறியது.

தோற்றம்

மார்க்கோனி காலத்துத் தீப்பொறிப் பரப்பிகளும் அகன்ற பட்டையிலேயே அலைகளை வீசின. 1890 இல் எடுவார்ட் பிரான்லி ஆராய்ந்த இரும்புத்தூள் குழாய் போன்ற அக்காலக் கருவிகள் அலை வந்ததை உணர்த்தினவே தவிர, வந்த நேரத்தை நுட்பமாகக் காட்டவில்லை. குறுகிய துடிப்புகளால் தொடர்புகொள்ளும் முறைக்கு ஜெரால்டு ராஸ் 1973 இல் அமெரிக்கக் காப்புரிமம் பெற்றார். துடிப்புகளின் நேரத்தை மாற்றித் தாவச் செய்து பல பயனர்கள் ஒரே பட்டையைப் பகிரும் முறையை ராபர்ட் ஷோல்ட்ஸ் 1993 இல் முன்வைத்தார்.

தேடல் சிக்கல்

2002 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையைத் திறந்துவிட்டது. ஆனால் அனுமதித்த திறன் மிகக் குறைவு. முழுப் பட்டையிலும் சேர்த்து ஒரு மில்லிவாட்டைக்கூட எட்டாது. இரைச்சலில் புதைந்த துடிப்பை வாங்கி தேட வேண்டியிருந்தது. 100 நானோ நொடிக்கு ஒரு துடிப்பு எனவும், தாவல் வரிசையின் நீளம் 64 எனவும் கொண்டால், ஒரு நானோ நொடி அடியாகத் தேட வேண்டிய இடங்கள் 6400.

சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலிகள் ஒரு துடிப்பைப் பல துடிப்புகளாகச் சிதறடித்தன. எதிரொலிகள் அடுத்தடுத்த இடங்களில் கொத்தாக அமைவதால், வரிசையாகத் தேடுவதைவிடத் தாவித் தேடினால் அவற்றுள் ஒன்று விரைவில் அகப்படும் என்று ஹோமியரும் ஷோல்ட்ஸும் 2002 இல் காட்டினர். அதே ஆண்டில் ஹாக்டரும் டாம்லின்சனும் தகவல் துடிப்புடன் ஒரு மேற்கோள் துடிப்பையும் அனுப்பி, இரண்டையும் ஒப்பிடும் முறையை விளக்கினர். இதில் வாங்கி எளிமையானது. ஆனால் மேற்கோளிலும் இரைச்சல் கலந்திருந்தது. 2005 இல் யாங்கும் கியானாகிஸும் பெற்ற சமிக்கையின் துண்டுகளையே ஒன்றோடொன்று ஒப்பிட்டு நேரத்தைக் கணிக்கும் வழியை வெளியிட்டனர்.

தரப்பாடுகள்

அதிவேகத் தரவுக்கான ஐஇஇஇ 802.15.3ஏ குழு, இரு தரப்பினர் உடன்பாடு காணாததால் 2006 இல் கலைந்தது. 2007 இல் நிறைவேறிய 802.15.4ஏ தரப்பாடு தொலைவு அளவிடுதலை நோக்கமாகக் கொண்டது. ஒளி ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்வதால், வருகை நேரம் துல்லியமானால் தொலைவும் துல்லியமாகும். இதற்காகப் பொட்டலத்தின் தொடக்கத்தில் +1, 0, −1 ஆகியவற்றாலான 31 அல்லது 127 உறுப்புக் குறியீடுகள் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. இவை சரியாகப் பொருந்தும் இடத்தில் மட்டுமே முகடு காட்டும்.

பாதுகாப்பு

தொலைவைக் கணிக்க வலிமையான துடிப்பு உதவாது. முதலில் வந்த நேர்வழித் துடிப்பே தேவை. அது எதிரொலியைவிட மங்கலாகவும் இருக்கலாம். மங்கலான முன்துடிப்பைத் தேடும் வாங்கியைப் போலித் துடிப்பால் ஏமாற்றி, தொலைவில் உள்ள கார் சாவியை அருகில் இருப்பதாகக் காட்ட முடியும். இதைத் தடுக்க, 2020 இல் வந்த 802.15.4இசட் தரப்பாடு முன்கூட்டி ஊகிக்க இயலாத மறையாக்க நேரமுத்திரை வரிசையைச் சேர்த்தது.