சயனைட் மேடுகளும் சோதனைக் கிணறுகளும்

கோலார் தங்கவயலின் வரலாறு பெரும்பாலும் ஆழத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்ததில் தொடங்கி, 2001-இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை எண்ணூறு டன் தங்கம் வெளிவந்ததும், சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதும் அலுக்காமல் சொல்லப்படுகின்றன. மைசூரின் ஆங்கிலேய ரெசிடென்ட் டொனால்ட் ராபர்ட்சனின் பெயரைத் தாங்கிய ராபர்ட்சன்பேட்டையைச் சுற்றி, தங்கம் பிரிந்தபின் கொட்டப்பட்ட பாறைத்தூள் மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடப்பது அந்த வரலாற்றில் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது.

இந்தக் குவியல்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. தொடக்கக் காலத்தில் ஸ்டாம்ப் மில் எனப்பட்ட இடிப்பாலைகளில் தாதுவைத் தூளாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் ஓடவிட்டே தங்கத்தைப் பிடித்தார்கள். 1887-இல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைட் முறையைக் கண்டபின், அது சில ஆண்டுகளிலேயே இங்கும் வந்து சேர்ந்தது. சயனைட் கரைசலில் கரைந்த தங்கம் துத்தநாகச் சீவல்களின்மேல் படியவைக்கப்பட்டது. ஆகவே பழைய ஆலைகளின் அருகே பாதரசத்தையும், பிற்காலக் குவியல்களின் அடியில் சயனைடு, துத்தநாகம் ஆகியவற்றையும் தேடுவதே முறை. வெயிலும் காற்றும் பட்டால் தனிச் சயனைடு நாளடைவில் சிதைந்துவிடும். ஆனால் தாதுவோடு வந்த கந்தகக் கனிமங்கள் மழையிலும் காற்றிலும் வினைபுரிந்து விடுவிக்கும் ஆர்சனிக் போன்றவை அப்படிச் சிதைவதில்லை.

இத்தகைய நிலத்தடியை ஆராயும் கிணறு விவசாயக் கிணற்றிலிருந்து வேறுபட்டது. கோலார் மாவட்டத்தில் ஆயிரம் அடியைத் தாண்டும் போர்வெல்களில், கெட்டிப்பாறை தட்டும்வரை மட்டுமே கேசிங் குழாய் இறக்கப்படுகிறது. அதற்குக் கீழே துளை திறந்தே விடப்படுவதால், பல வெடிப்புகளின் நீர் ஒன்றாகக் கலந்து மேலே வருகிறது. பாசனத்துக்கு அது போதும். மாசு எந்த ஆழத்தில் நகர்கிறது என்பதை அந்த நீர் சொல்லாது. ஆய்வுக் கிணற்றிலோ குறிப்பிட்ட ஆழத்தில் மட்டும் துளையிட்ட குழாயை நிறுத்தி, அதைச் சுற்றி மணல் நிரப்பி, அதன் மேல் நீர்பட்டால் உப்பும் பென்டோனைட் களிமண்ணால் அடைக்கிறார்கள். உளுத்த பாறையில் ஒன்றும் அதன் கீழுள்ள வெடிப்பில் இன்னொன்றுமாக அருகருகே இறக்கினால்தான் நீர் கீழிறங்குகிறதா மேலேறுகிறதா என்பது புலப்படும். ஓட்டத்தின் திசையை அறியக் குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டம் வேண்டும். குவியலுக்கு மேட்டுப்புறத்தில் ஒன்றேனும் இல்லாவிட்டால், இயற்கையாகவே பாறையிலுள்ள ஆர்சனிக்கும் குவியலிலிருந்து வந்ததும் பிரித்தறியப்படாது.

தங்கவயலில் மேலும் ஒரு சிக்கல் உண்டு. நூறாண்டுக்கு மேல் ஊற்றுநீரை இறைத்துக்கொண்டேயிருந்த சுரங்கங்கள், சுற்றுப்புற நீரைத் தம்பக்கம் இழுத்திருக்க வேண்டும். பம்புகள் நின்றபின் அந்த வெற்றிடங்கள் நிரம்பத் தொடங்கவே பழைய ஓட்டத் திசையும் நம்பத்தக்கதாக இல்லை. இதே ஊருக்குப் பாலாற்றைத் தேக்கிய பேத்தமங்கலத்திலிருந்து குடிநீர் கொண்டுவரப்பட்டது என்பதைப் பார்க்கும்போது, கீழே நீர் தொல்லையாகவும் மேலே பற்றாக்குறையாகவும் இருந்த முரண் விளங்கும்.

அதே பாலாற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள ராணிப்பேட்டை, தாமதத்தின் விலையைக் காட்டுகிறது. 1995-இல் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுச்சென்ற இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவிலிருந்து, நீரில் எளிதில் கரையும் ஆறு இணைதிறக் குரோமியம் நிலத்தடியில் பரவியது. ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வகத்தார் அங்கு ஆய்வு செய்து, மாசு நகரும் போக்கைக் கணினி மாதிரியில் கணித்தனர். குவியல் ஒரே இடத்தில், ஒரே ஆலைக்குரியதாக இருந்தும் துப்புரவு ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

தங்கவயலில் குவியல்கள் 13. அவற்றில் எஞ்சிய தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது. மண் கிளறப்படுமுன் பழைய ஆலைகளின் வரைபடங்களையும் சுரங்க நிலப்படங்களையும் வைத்துக் கிணறுகளுக்கு இடம் குறித்து, குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் நீரை அளந்து வைக்காவிடில், நாளை அந்நீரில் தென்படும் நஞ்சு ஜான் டெய்லர் காலத்ததா புதிய குத்தகையாளருடையதா என்று எந்த நீதிமன்றத்தாலும் பிரித்துச் சொல்ல இயலாது.