திண்டிவனத்தில் மூன்று முறை தட்டப்பட்ட கதவும் வரலாறு எழுதாத நான்காவது பெண்ணும்

செஞ்சி என்றால் ராஜா தேசிங்கு. மேல்சித்தாமூர் என்றால் ஜினகாஞ்சி சமண மடம், பார்சுவநாதர் கோயில். நம் பகுதியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். 2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கோட்டைக்கும் மடத்துக்கும் வரலாறு இருக்கிறது. அதே மண்ணில் நிறைமாதத்தில் வயிற்று வலி கண்டு செத்துப்போன பெண்களுக்கு வரலாறு இல்லை.

ஆனால் மூன்று பெண்களின் சாவு மட்டும் எழுத்தில் பதிவாகி, உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அது நடந்த இடம் மேல்சித்தாமூருக்குக் கிழக்கே இருக்கும் திண்டிவனம்.

1890களின் தொடக்கம். அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். உடம்பு சரியில்லாத தாயைக் கவனிக்க அவர் மகள் ஐடா அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறொரு சாதி இந்து. மூவரின் மனைவிகளும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். மூவரும் கூப்பிட்டது ஐடாவை. "எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பா மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அந்த இரவுதான் தன்னை மருத்துவராக்கியது என்று ஐடா ஸ்கடர் சொன்னார். 1899இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை வந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய வேலூர் சி.எம்.சி. இப்படித்தான் உருவானது. இந்தப் பணியின் பெருமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையைச் சமூகவியல் படித்தவர்களாக, சேரியிலிருந்து வந்தவர்களாக, இன்னொரு முறை படிக்க வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி: அந்த மூன்று பெண்களைக் கொன்றது எது? வலி மட்டும் இல்லை. வைத்தியர் அதே ஊரில் இருந்தார், தயாராகவும் இருந்தார். யார் யாரைத் தொடலாம் என்ற விதி நடுவில் நின்றது. சாதித் தூய்மையையும் பரம்பரைத் தூய்மையையும் காப்பாற்றும் பாரத்தைப் பெண்ணின் உடம்பின்மேல்தான் இந்தச் சமூகம் ஏற்றி வைத்திருக்கிறது. அந்தப் பாரம் மேல்சாதி வீட்டுப் பெண்ணையும் விடவில்லை.

இரண்டாவது கேள்வி: நான்காவது பெண் எங்கே? அதே காலத்தில் திண்டிவனம், செஞ்சி வட்டாரத்துச் சேரிகளிலும் பெண்களுக்கு வலி வந்துகொண்டுதான் இருந்தது. அவர்களின் கணவர்கள் யாரும் இந்தக் கதைக்குள் வந்து கதவைத் தட்டவில்லை. விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டு நடுங்கியதாக ஐடா எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் சாவுக்குப் பறையடிக்கும் வேலை எந்தத் தெருவின்மேல் சுமத்தப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கதையில் நம்மவர்களுக்கு ஓர் இடம் உண்டென்றால் அது அந்த மேளச் சத்தம்தான்.

இன்னொருத்தியும் அதில் இல்லை: மருத்துவச்சி. தமிழகத்தின் பல ஊர்களில் பிரசவம் பார்த்தவர்கள் நாவிதர் சமூகப் பெண்களும் சேரிப் பெண்களும்தான். பிரசவ ரத்தம் தீட்டு, தொப்புள்கொடி தீட்டு, நஞ்சுக்கொடி தீட்டு. அந்தத் தீட்டைக் கையால் எடுக்க ஆள் வேண்டும். வலி வந்த வீட்டுக்குள் அன்றைக்கு மட்டும் அவளுக்கு அனுமதி. குழந்தையை முதலில் தொட்டது அவள் கை. மறுவாரம் அதே வீட்டில் அவள் கொல்லைப்புறத்தில் நிற்க வேண்டும். வந்தது சூட்டு வலியா, பிரசவ வலியா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த அவளை, பின்னால் வந்த ஆங்கில மருத்துவம் 'அழுக்கான தாயி' என்று ஒதுக்கியது. அவளிடம் ஆபத்தான பழக்கங்களும் இருந்தன, உண்மை. ஆனால் அவளுக்குக் கல்வி மறுத்தவர்கள் யார் என்பதை யாரும் எழுதவில்லை.

மருத்துவமனை வந்ததும் சாதி வெளியே போய்விடவில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் இன்றைக்கும் மக்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று சொல்லும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். 1885இல் மேரி ஷார்லிப் முயற்சியால் தொடங்கிய அதன் பழைய பெயரிலேயே 'சாதிப் பெண்களுக்கும் கோஷா பெண்களுக்கும்' என்று இருந்தது. எழும்பூரில் 1844 முதலே அரசுப் பிரசவ மருத்துவமனை இருந்தும், எல்லோரும் வரும் இடத்துக்குத் தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பாதவர்களுக்காகத் தனி இடம் தேவைப்பட்டது. தனி இடம் பல உயிர்களைக் காப்பாற்றியது. கூடவே, சாதிக்கு மருத்துவத்தின் வாசலில் பெயர்ப் பலகையும் கிடைத்தது.

இந்தச் சிக்கலை வேறு திசையிலிருந்து பார்த்தவர் அம்பேத்கர். 1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். கர்ப்பிணியின் வலியை வீட்டுக்குள்ளிருந்து எடுத்து உரிமைக் கணக்கில் வைத்தார். ஆனால் பின்னால் வந்த 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், கடை என்று நின்றுவிட்டது. நிறைமாதத்திலும் நாற்று நடும் நம் பெண்களுக்கு அது எட்டவில்லை. தமிழகத்தில் 1987இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அந்த இடைவெளியில் கொஞ்சத்தை நிரப்புகிறது.

2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்குத் தாய் இறப்பு இந்தியாவில் 97, தமிழகத்தில் 54. இது கிராம சுகாதாரச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் 108 வண்டியும் சேர்ந்து கொண்டுவந்த வெற்றி. ஆனால் சராசரி எண், சாவு எந்தத் தெருவில் நடந்தது என்று சொல்லாது.

1994இல் தாடியஸ், மெயின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். திண்டிவனத்தின் மூன்று பெண்களும் முதல் தாமதத்தில் செத்தார்கள். காலனிப் பெண்ணுக்கு மூன்றும் வரிசையில் நிற்கின்றன. "சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி" என்பது முதலாவது. வண்டி உள்ளே வராத காலனிப் பாதை இரண்டாவது. "எந்தத் தெரு?" என்று கேட்டுவிட்டு மாறும் குரல் மூன்றாவது.

ஆகவே தோழர்களே, இரண்டு வேலைகள் நம் முன்னால் இருக்கின்றன. ஒன்று, உங்கள் தெருவில் பிரசவம் பார்த்த பாட்டிகள் உயிரோடு இருந்தால் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். இரண்டு, காலனியில் மாசமாக இருக்கும் ஒவ்வொரு அக்காவுக்கும் இதைச் சொல்லுங்கள். வயிற்று வலியோடு ரத்தப்போக்கு, கடும் தலைவலி, கண் மங்கல், காய்ச்சல், மயக்கம் இதில் எது இருந்தாலும், 37 வாரத்துக்கு முன்பே வலி விட்டு விட்டு வந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது. உடனே 108க்கு அழைக்க வேண்டும். வண்டி வந்து நிற்கும் அளவுக்குக் காலனிக்குப் பாதை இல்லையென்றால், அடுத்த கிராம சபையில் முதல் தீர்மானம் அதுவாக இருக்கட்டும்.