தங்கராஜின் கையும் ருவாவின் முழங்காலும்

கால்பந்து கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. ஐஸ் ஹாக்கியில் 6 அடிக்கு 4 அடி; பரப்பில் எட்டில் ஒரு பங்கு. ஒரு கோல்கீப்பருக்குப் பயிற்சியாளர் எதைக் கற்றுத்தர முடியும் என்பதை இந்தக் கணக்கே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

கனடாவின் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவுக்கு 1985இல் ஷெர்புரூக் அணியில் வாய்த்தவர் பிரான்ஸ்வா அலேர். கோல்கீப்பர்களுக்கு மட்டுமே பயிற்சி தந்தவர். அவர் வாதம் இது: பெரும்பாலான கோல்கள் தரையை ஒட்டியே நுழைகின்றன. ஆகவே முழங்கால் இரண்டையும் பனியில் ஊன்று, கால்காப்புகளை இருபுறமும் விரி, அடிப்பகுதியை அடை. இதுதான் 'பட்டாம்பூச்சி' பாணி. அலேர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. 1950களிலேயே க்ளென் ஹால் என்ற கோல்கீப்பர் அப்படித்தான் தடுத்தார். அலேர் செய்தது, அதை யாரும் பழகக்கூடிய ஒழுங்காக்கியது. 1986இல் ருவா ஆடிய மாண்ட்ரியல் அணி ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது, 20 வயதான அவர்தான் பிளேஆஃப் ஆட்டங்களின் சிறந்த ஆட்டக்காரர். விலையும் உண்டு: முழங்காலிட்டவரின் தோளுக்கு மேலே மூலைகள் திறந்து கிடக்கும். அடிப்பவர்கள் அதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

இந்தியக் கால்பந்து கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், ஃப்ரெண்ட்ஸ் யூனியன் கிளப்புகளில் ஆடி வளர்ந்தவர். 1953இல் ராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடத் தொடங்கியபோதும் அவர் சென்டர் ஃபார்வர்டுதான். பிறகுதான் கோலுக்கு வந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர்! கோல்கீப்பருக்கென்று தனிப் பயிற்சியாளர் என்ற பதவியே அன்றைய இந்திய அணியில் கிடையாது.

இருந்தவர் அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியர்; ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ரோவர்ஸ் கோப்பைகளை வென்றது இவர் பயிற்சியில். பழக்கமில்லாத காலால் மட்டும் ஆடும் போட்டி, ஒரே தொடுதலில் பந்தைக் கடத்தும் போட்டி என்று அவர் நடத்தியவை இன்றும் பேசப்படுகின்றன. எல்லாம் காலுக்கான வித்தை. கையைப் பற்றிய பேச்சே இல்லை. ஆனால் அதை வைத்து, தங்கராஜ் தானாகவே முளைத்தவர் என்று முடிவுகட்டுவது அவசரம். 24 அடியை எந்த உடலும், எந்தப் பாணியும் அடைக்காது. பந்து எங்கிருந்து வரும், எப்போது வெளியேறிப் பிடிப்பது என்ற கணிப்புதான் அங்கே நுட்பம். அந்தக் கணிப்பு பலிக்க, முன்னால் நிற்கும் தற்காப்பு ஒழுங்காக இருக்க வேண்டும். ரஹீமின் கை பட்டது அங்கேதான். ஓர் அலேர் கிடைத்திருந்தால் தங்கராஜின் பாய்ச்சலும் பிடியும் மெருகேறியிருக்கும். கணிப்பை அச்சில் வார்த்துத் தர அலேராலும் ஆகியிருக்காது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் சுற்றில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோற்ற இந்தியா, இறுதியில் மீண்டும் அவர்களையே சந்தித்தது. கோலில் நின்று வந்த பிரத்யுத் பர்மனை உட்காரவைத்துவிட்டு, காய்ச்சலிலிருந்து மீண்ட தங்கராஜை ரஹீம் இறக்கினார். உயரப் பந்துகளுக்கு அந்த நெடிய உருவம் தேவை என்ற கணக்காகத்தான் இருக்க வேண்டும். இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. கொரியாவின் ஒற்றை கோல் விழுந்தது ஆட்டம் முடியும் தறுவாயில்.