உலைக்குத் திரும்பிய துத்தநாகம்

பாறைக்குள் கிடந்த காலத்தில் அது தனியாக இருந்ததில்லை. கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டே கிடந்தது. துத்தநாகத் தாதுவில் பெரும்பங்கு துத்தநாக சல்பைடுதான். வெட்டி எடுத்து, கால்வாய்ப் படகில் ஏற்றி, நெதர்லாந்தின் தெற்கே பெல்ஜிய எல்லையோரம் இருக்கும் பூடெலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே 1892-இல் டோர் சகோதரர்கள் தொடங்கிய உருக்காலை இருந்தது. ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்கே டோர்ப்ளைன் என்று அவர்கள் பெயர்தான்.

தாதுவை வறுத்துக் கந்தகத்தை விரட்டினார்கள். பிறகு சூட்டில் துத்தநாகம் ஆவியாகி, குளிர்ந்து, உலோகமாகியது. எல்லாமும் ஆகிவிடவில்லை, கொஞ்சம் கசடோடு தங்கிவிட்டது. அந்தக் கசடைச் சுற்றுவட்டாரத்து மணல் பாதைகளில் சரளைக்குப் பதிலாகக் கொட்டி மிதித்தார்கள். சேறாகாத, காசு அதிகம் கேட்காத சரளை, வேறென்ன வேண்டும்? மழை அதைக் கழுவிக் கழுவி உள்ளே இறக்கியது. ஆலைக்கு அடியிலும் அதே கதை. 1973-இல் ஆலை மின்பகுப்பு முறைக்கு மாறியது. ஆனால் மண்ணுக்குள் போனது போனதுதான்.

நிலத்தடி நீரில் கரைந்த துத்தநாகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. டம்ளரில் பிடித்தால் பளிங்கு மாதிரித் தெரியும். சுண்ணாம்பு போட்டுப் படியவைக்கலாம், பழைய வழி அது. அப்புறம் அந்தச் சேற்றை எங்கே கொட்டுவது?

ஆலை தொடங்கி மூன்றே வருடத்தில், 1895-இல், அதே நாட்டின் டெல்ஃப்ட் நகரில் மார்ட்டினஸ் பெயரிங்க் ஒருவகை பாக்டீரியாவை இனங்கண்டிருந்தார். ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டைச் சுவாசித்து, கூமுட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடும் உயிர் அது. அந்த இனத்துக்கு பூடெலில் வேலை கிடைக்க 1992 ஆனது. பாக்கெஸ் நிறுவனம் கட்டிய காற்றுப்புகாத் தொட்டியில், இறைத்த நிலத்தடி நீரோடு கொஞ்சம் எத்தனாலும் விட்டார்கள். ஆமாம், சாராயம்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

பாக்டீரியா உலோகத்தைத் தின்றுவிடுகிறது என்று எழுதுகிறவர்கள் உண்டு. இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை. அவை விடும் மூச்சு துத்தநாகத்தின் மேல் பட்டதும் அது கரையாத துகளாகிவிடுகிறது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் இருந்த துத்தநாகம் 1 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியது. சல்ஃபேட்டும் கூடவே குறைந்தது. மிஞ்சிய நாற்ற வாயுவை, அளவாகக் காற்று விட்ட அடுத்த தொட்டியில் வேறொரு பாக்டீரியாக் கூட்டம் கந்தகமாக்கிவிடும்.

அடியில் படிந்த துகள் என்ன? துத்தநாக சல்பைடு. பாறையில் கிடந்தபோது இருந்த அதே ஜோடி. அதைக் குப்பையில் போடவில்லை. ஆலைக்கே அனுப்பி, தாதுவோடு தாதுவாக வறுக்கும் உலையில் தள்ளினார்கள். கந்தகம் மறுபடி பிரிந்து கந்தக அமிலம் தயாரிக்கப் போனது. துத்தநாகம், இந்தமுறை, மின்பகுப்புத் தொட்டிக்கு.