தொப்புளைச் சுற்றி 14 ஊசிகள்

எங்கள் தலைமுறைச் சிறுவர்களுக்கு நாயைவிட நாய்க்கடி ஊசியே பேரச்சம். ஐந்தாம் வகுப்பில் என் அருகில் அமர்ந்திருந்தவன், தெருநாய் கடித்ததை இரண்டு நாட்கள் வீட்டில் மறைத்தான். கால்சட்டையைத் துவைக்க எடுத்த தாய் கிழிசலைக் கண்டு விசாரித்து, மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றாள். அதன்பின் நாள்தோறும் வயிற்றைப் பிடித்தபடி குனிந்தே வகுப்புக்கு வருவான். அந்த ஊசிக்குப் பின்னால் ஒரு நெடிய வரலாறு இருப்பதை நான் வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

1885 ஜூலை 6 அன்று பாரிஸ் நகரில், வெறிநாயிடம் கடிபட்ட ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டரின் தடுப்பு மருந்து முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வீரியம் குறைத்துச் செய்த மருந்து அது. சிறுவன் பிழைத்தான். கடிவாயில் புகுந்த கிருமி நரம்பின் வழியே மூளையை அடையப் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். அந்த இடைவெளியே மருத்துவத்தின் வாய்ப்பு. நோய்க்குறிகள் தோன்றிவிட்டால், அன்றும் இன்றும் ஏறக்குறைய மரணம்தான்.

இந்தியாவில் 1900-இல் கசௌலியில் பாஸ்டர் நிலையம் அமைந்தது. தென்னாட்டில் கடிபட்டவருக்கோ இமயமலைச் சாரல் எட்டாத தொலைவு. 1902-இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் இந்நோயால் இறந்தார். அத்துயரின் தூண்டுதலாலும், ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கரின் நன்கொடையாலும் 1907-இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் உருவாயிற்று.

நாய்க்கு உண்மையிலேயே வெறியா என்றறிய, இறந்த நாயின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். நரம்பணுக்களுக்குள் இத்தாலியரான நெக்ரி 1903-இல் கண்டறிந்த நுண்பொருள்களைத் தேடினர். அவை தென்படாத நாயும் வெறிகொண்டதாக இருக்கக்கூடும் என்பதால், முடிவுக்காகக் காத்திருப்பது ஆபத்தாகவே இருந்தது.

1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள், கிருமியைப் பீனாலால் செயலிழக்கச் செய்து புதிய மருந்து ஆக்கினார். பின்னாளில் ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட இம்மருந்து சிற்றூர் மருத்துவமனைகளுக்கும் எட்டியது. தொப்புளைச் சுற்றிய ஊசி இதுதான். எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் அதிலிருந்த மூளைத்திசு சிலருக்கு நரம்பு அழற்சியையும் பக்கவாதத்தையும் விளைவித்தது. 2005-ஆம் ஆண்டளவில் இந்தியா அதனைக் கைவிட்டது. இன்று உயிரணு வளர்ப்பில் செய்யப்படும் மருந்து, கையில் நான்கைந்து தவணைகளில் முடிந்துவிடுகிறது.

எனினும் ஊசி, கடிபட்ட பிறகான காவல் மட்டுமே. மனிதரைத் தாக்கும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய் வழியே வருவது. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுபடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஜப்பான் 1950-இல் சட்டமியற்றி நாய்களுக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 1957-க்குப் பின் அந்நாட்டு நாய்களிடம் இந்நோய் இல்லை.

நம் தெருக்கள் இன்னும் அந்நிலையை எய்தவில்லை. அதுவரை, கடிபட்ட புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்வதே வழி. வழக்கொழிந்த ஊசியின் கதையைச் சொல்லிக் குழந்தைகளை அச்சுறுத்தும் வழக்கமும் ஒழிய வேண்டும். என் தோழன் இரண்டு நாட்கள் மறைத்தது கடியின் வலியால் அன்று. அந்தக் கதையைக் கேட்டுத்தான்.